கோழி ரத்தம் உடைந்துபோனால் எந்த ரிப்போர்ட்டை நம்பலாம்? கூண்டிலிருந்து லேப் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழி வளர்ப்பவர்களிடம் டைட்டர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை; ரத்தத்தில் நோய்க்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு என்று காட்டும் எண் அது. ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டுச் சில வாரம் கழித்து, பேட்சுக்குப் பதினைந்து இருபது கோழிகளில் ரத்தம் எடுத்து அனுப்புவதும், வந்த எண்ணைப் பார்த்து அடுத்த லசோட்டா தடுப்பூசி எப்போது என்று முடிவு செய்வதும் பழகிப்போன வேலை. இப்போது பலர் டைட்டரோடு நிற்பதில்லை. யூரிக் அமிலம், கல்லீரல் என்சைம், ரத்த அணு எண்ணிக்கை என்று பட்டியல் நீள்கிறது. கேட்பது நல்லதுதான். ஆனால் ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாகவோ ஒயின் நிறத்திலோ வந்து சேர்ந்தால், அந்தப் பட்டியலில் பாதி எண்கள் கோழியைப் பற்றியவை அல்ல. சிரிஞ்சுக்குள் நடந்ததைப் பற்றியவை.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்த ரத்தம்) என்று எழுதியிருந்தால் சிலர் கவனிக்காமலே மருந்து வாங்கப் போகிறார்கள். சிலர் மொத்த ரிப்போர்ட்டையும் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. உடைந்த ரத்தம் ராணிக்கெட் டைட்டரை அவ்வளவாகத் தொடாது. பொட்டாசியத்தை நம்ப முடியாததாக்கிவிடும். எது நிற்கும், எது விழும் என்று தெரிந்துகொண்டால் மாதிரியும் வீணாகாது, பணமும் வீணாகாது.

கோழியின் சிவப்பணு வேறு ரகம்

நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழியின் சிவப்பணு நீள்வட்டமானது, நடுவில் உட்கரு உண்டு. நீளம் சுமார் 12 மைக்ரான், அகலம் அதில் பாதி. மனிதச் சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. கோழியினுடையது ஒரு மாதம், அதற்குச் சற்று மேல்.

இந்த உட்கருதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். மனித ரத்தம் உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே கசியும், சீரம் சிவக்கும், அவ்வளவுதான். கோழி ரத்தம் உடைந்தால் ஹீமோகுளோபினோடு உட்கருவும் தனியாக மிதக்கும். உட்கருவும் உடைந்தால் உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியேறி மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், பிப்பெட்டில் இழுத்தால் நூல் நூலாக வரும். மனித ரத்தத்துக்காகச் செய்த தானியங்கி எந்திரத்தில் கோழி ரத்தத்தைப் போட்டால், உட்கரு உள்ள சிவப்பணுக்களையும் அது வெள்ளையணு என்று எண்ணிவிடும். உடையாத ரத்தத்துக்கே இந்த நிலை. அதனால் கோழிக்கு வெள்ளையணு எண்ண, 1952 முதல் புழக்கத்தில் இருக்கும் நாட்-ஹெரிக் சாயத்தில் 200 மடங்கு கரைத்து, மைக்ரோஸ்கோப்பில் கையால் எண்ணுவதே நம்பகமான வழி. கோழி ரத்தத்துக்கு ஏற்பச் சரிசெய்யாத எந்திரத்திலிருந்து வெள்ளையணு எண்ணிக்கை வந்தால், சீரம் எந்த நிறத்தில் இருந்தாலும் நான் அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

படி 1: ரத்தம் எடுப்பதற்கு முன்பு

எந்தப் பரிசோதனை என்று முதலில் முடிவு செய்யுங்கள். குழாய் அதைப் பொறுத்தது. டைட்டருக்குச் சீரம் வேண்டும், எனவே உறையாமல் தடுக்கும் மருந்து (ஹெப்பாரின், ஈ.டி.டி.ஏ.) எதுவும் இல்லாத குழாய் அல்லது சிரிஞ்சு. ரத்த வேதியியலுக்கு ஹெப்பாரின் குழாய் வசதி. அணு எண்ணிக்கைக்குக் கோழியில் ஈ.டி.டி.ஏ. சரிவரும். தீக்கோழி, ஈமு, காக்கை இனம் போன்ற சில பறவைகளில் ஈ.டி.டி.ஏ.வே சிவப்பணுவை உடைத்துவிடும் என்பதால் அவற்றுக்கு ஹெப்பாரின். பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தத்தில் கால்சியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லாதீர்கள். கால்சியம் தரைமட்டமாக இருக்கும், பொட்டாசியம் கூரையில் இருக்கும், கோழி நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்.

சிரிஞ்சும் குழாயும் உலர்ந்திருக்க வேண்டும். கழுவி வைத்த பழைய கண்ணாடிக் குப்பிகளைத் தவிர்ப்பது மேல். ஒரு துளி தண்ணீரோ ஒட்டியிருக்கும் சோப்போ போதும், சிவப்பணு ஊதி வெடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால், ரத்தம் எடுப்பது, அறுத்துப் பார்ப்பது எதையும் நீங்களே செய்யாதீர்கள். கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மாதிரி எடுப்பதற்கும் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கும் தனி முறை இருக்கிறது.

படி 2: ஊசி போடும் அந்த அரை நிமிடம்

என் கணிப்பில் பெரும்பாலான ரத்தம் உடைவது இங்கேதான். அப்புறம் வேனையும் லேபையும் குறை சொல்கிறோம்.

இறக்கையின் உட்பக்கம், முழங்கை மூட்டுக்கு அருகே ஓடும் சிரைதான் பண்ணையில் வசதி. ஒருவர் கோழியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து இறக்கையை விரித்துப் பிடிக்க வேண்டும். சில இறகுகளைப் பிடுங்கினால் சிரை நீலமாகத் தெரியும். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் ஊசி வழியாக உள்ளே போய் அணுவை உடைக்கும்.

வளர்ந்த முட்டைக்கோழிக்கு 22 அல்லது 23 கேஜ் ஊசி. குஞ்சுகளுக்கு 25, 26. பெரிய கோழிக்கும் காயம் சிறிதாக இருக்கட்டும் என்று மெல்லிய ஊசி போட்டுப் பிஸ்டனை வேகமாக இழுப்பவர்கள் உண்டு. மெல்லிய துளை வழியாக அணுக்கள் உரசிக்கொண்டு வருவதால் பாதி அங்கேயே கிழிந்துவிடும். மெதுவாக இழுங்கள். சிரை சுருங்கி ரத்தம் நின்றால், கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி இழுங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து முறை குத்தித் துழாவினால் ரத்தம் உடைவது மட்டுமல்ல, தசையில் காயம் பட்டு சி.கே. என்ற தசை என்சைமும் ஏறும். இரண்டு முறையில் கிடைக்கவில்லை என்றால் மறு இறக்கைக்குப் போங்கள்.

எவ்வளவு எடுக்கலாம்? ஆரோக்கியமான கோழியின் உடல் எடையில் ஒரு சதவீதம் வரை தாங்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு அது 15 மி.லி. நமக்குத் தேவை ஒன்றரை, இரண்டு மி.லி.தான். எடுத்த பிறகு பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் இறக்கைக்கு அடியில் ரத்தம் கட்டும்.

குழாயில் மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் உட்சுவரில் வழியவிடுங்கள். ஊசியோடு பீய்ச்சி அடித்தால் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம் போச்சு. மருந்துள்ள குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள், குலுக்காதீர்கள்.

அணு எண்ணிக்கை கேட்பதாக இருந்தால் அங்கேயே ஊசி முனையிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஸ்மியர் இழுத்துவிடுங்கள். இதற்கு ஈடான காப்பீடு வேறில்லை. பின்னால் குழாய் ரத்தம் உடைந்தாலும் ஸ்மியரில் அணுக்கள் முழுதாக இருக்கும். அழுத்தி இழுக்க வேண்டாம். கோழி அணுக்கள் ஸ்மியர் இழுக்கும்போதே நசுங்கும், நசுங்கிய உட்கரு ஊதா நிறத் தீற்றலாகத் தெரிந்து பார்ப்பவரைக் குழப்பும்.

படி 3: சீரம் பிரிவதற்குக் காத்திருத்தல்

பண்ணைகளில் சிரிஞ்சிலேயே சீரம் பிரிப்பது வழக்கம். ரத்தம் எடுத்த பிறகு பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் காற்றிடம் விட்டு, மூடி போட்டு, சாய்வாக வைப்பார்கள். நல்ல முறைதான். அவசரம்தான் அதைக் கெடுக்கிறது.

பறவைகளிடம் உறைதல் காரணி 12 கிடையாது. சிரையிலிருந்து சுத்தமாக எடுத்த ரத்தம் பிளாஸ்டிக்கில் உறைய நேரமாகும். எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வைத்தால் உறைவதே தடைபடும், கட்டி சுருங்காது, சீரமும் பிரியாது. அறை வெப்பத்தில், நிழலில், ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். கோடையில் மூடிய வண்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் கூடாது.

கட்டி சுருங்கி, மேலே தெளிந்த சீரம் நின்றதும் உடனே வேறு குப்பிக்கு மாற்றுங்கள். குச்சி விட்டுக் கட்டியைக் கிளறினால் சிவக்கும். சீரம் குறைவாக இருந்தால் குறைவாகவே இருக்கட்டும். டைட்டருக்கு அரை மி.லி. தாராளம், சோதனைத் தட்டின் குழியில் போவது 25 மைக்ரோலிட்டர்தான்.

படி 4: அனுப்புதல்

பிரித்த சீரத்தைக் குளிரில் அனுப்பலாம். பிரிக்காத ரத்தத்தை ஐஸ் மேல் நேரடியாக வைக்கக் கூடாது, ஐஸுக்கும் குழாய்க்கும் நடுவில் துணியோ தடித்த காகிதமோ வேண்டும். ஐஸாக உறைந்துபோன ரத்தம் உருகும்போது மொத்தமாக உடைந்துவிடும், எதுவும் மிஞ்சாது. குழாய் ஆடாமல் தெர்மாகோல் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

ஒவ்வொரு குழாயிலும் கூண்டு எண் எழுதுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 5: நிறத்தைப் பார்த்துத் தரம் பிரித்தல்

வெள்ளைக் காகிதத்துக்கு முன் பிடித்துப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 30 முதல் 50 மி.கி. ஹீமோகுளோபின் கலந்தால்தான் கண்ணுக்கு இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். கோழியில் அதைப் பிடிப்பது இன்னும் கடினம். மஞ்சள் மக்காச்சோளம் தின்னும் கோழியின் சீரம் இயல்பிலேயே மஞ்சள். அதை மஞ்சள் காமாலை என்று பயப்பட வேண்டாம். பறவைகளின் பித்தத்தில் முக்கியமாக இருப்பது பச்சை நிற பிலிவெர்டின், அதை பிலிரூபினாக மாற்றும் என்சைம் அவற்றுக்கு இல்லாத குறைதான் காரணம். ஆகவே கோழிக்கு பிலிரூபின் பரிசோதனை கேட்பது வீண்.

முட்டையிடும் கோழியின் சீரம் கொழுப்பால் பால்போல் கலங்கியும் இருக்கும். அதுவும் இயல்பே. கலங்கலும் சிவப்பும் சேர்ந்தால் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி வரும், அதில் நிற அளவியல் பரிசோதனை எதையும் நம்ப வேண்டாம்.

லேசான இளஞ்சிவப்பு, தெளிவான சிவப்பு, ஒயின் நிறம் என்று மூன்றாகப் பிரித்து லேப் படிவத்தில் நீங்களே எழுதி அனுப்புங்கள். எடுக்கும்போதே சிவப்பா, வழியில் சிவந்ததா என்பது அவர்களுக்கு உதவும்.

படி 6: எந்த எண் எந்தப் பக்கம் சாயும்

முதலில் அணுக் கணக்கு, ஏனென்றால் இதில் ரத்தம் உடைந்தது எண்ணிலேயே பளிச்சென்று தெரியும். ஒரு கோழியின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராம், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு) 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினை நூறால் பெருக்கிப் பி.சி.வி.யால் வகுத்தால் எம்.சி.ஹெச்.சி. (அணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 30. இதே ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அணு உடைந்தால் பி.சி.வி. 24 ஆகும். ஆனால் அளக்கும் முறை எல்லா அணுவையும் உடைத்துத்தான் ஹீமோகுளோபினை அளக்கிறது. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது 9தான். எம்.சி.ஹெச்.சி. 37.5க்குத் தாவும். நிஜ அணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபின் அடைக்க முடியாது. ஆகவே ரிப்போர்ட்டில் ரத்தசோகை என்று பி.சி.வி. சொல்லி, கூடவே எம்.சி.ஹெச்.சி. வழக்கத்துக்கு மேல் ஏறியிருந்தால், இரும்புச்சத்து டானிக் வாங்குவதற்கு முன் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

எம்.சி.ஹெச்.சி. ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபின் அளக்கும்போது மிதக்கும் உட்கருக்கள் கரைசலைக் கலங்கலாக்கும், எந்திரம் அதையும் ஹீமோகுளோபின் என்று படிக்கும். கோழி மாதிரியை உடைத்த பிறகு சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே நிற்பதை மட்டும் படிக்க வேண்டும். மனித லேபுகளில் இந்த வழக்கம் கிடையாது. கோழி ரத்தத்தை அங்கே கொடுத்தால் வரும் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

இனி வேதியியல். பொட்டாசியம், பாஸ்பரஸ், எல்.டி.ஹெச். என்ற என்சைம் மூன்றும் அணுவுக்குள் நிறைய இருப்பதால் உடைந்தால் பொய்யாக ஏறும். லேசான சிவப்பிலேயே எல்.டி.ஹெச்.சை விட்டுவிடுங்கள். ஏ.எஸ்.டி. என்ற என்சைமும் கொஞ்சம் ஏறும். கோழியில் அது கல்லீரலிலும் தசையிலும் இருப்பதால் ஏற்கெனவே தெளிவற்ற எண், உடைந்த ரத்தத்தில் இன்னும் தெளிவற்றதாகிறது. சி.கே. சாதாரணமாக இருந்து ஏ.எஸ்.டி. மட்டும் ஏறினால் கல்லீரல் என்பது வழக்கமான வாதம். மாதிரி வைக்கோல் நிறத்தில் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

பொட்டாசியத்தில் ஒரு வேடிக்கை. புறா ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அணுக்கள் தம்மைச் சுற்றியுள்ள திரவமான பிளாஸ்மாவிலிருந்து பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், எண் இறங்கும். உடைந்தால் ஏறும். இரண்டும் ஒரே ரத்த மாதிரிக்குள் நடந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

யூரிக் அமிலம்தான் பண்ணைக்கு முக்கியம், கவுட் (யூரிக் அமிலம் உடலில் படியும் நோய்) சந்தேகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். கோழிக்குச் சிறுநீரக நிலையைச் சொல்வது யூரியா அல்ல, யூரிக் அமிலம். நிறம் உண்டாக்கி அளக்கும் முறை என்பதால் ஹீமோகுளோபினின் சொந்த நிறம் குறுக்கே வரும். ஏறுமா இறங்குமா என்பது கிட்டையும் எந்திரத்தையும் பொறுத்தது. லேசான சிவப்பில், எண் இயல்பைவிடப் பல மடங்கு இருந்தால் நம்பலாம். இயல்பின் விளிம்பில் நின்றால் மறுபடி எடுங்கள். ஒளிவிலகலை அளக்கும் ரிபிராக்டோமீட்டரில் பார்க்கும் மொத்தப் புரதம் ஏறும், ஹீமோகுளோபினே ஒரு புரதம்தானே. முட்டையிடும் கோழியில் கால்சியம் டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல் இருப்பது இயல்பு, அதை உடைந்த ரத்தத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இப்போது டைட்டர். வைரஸ் சிவப்பணுக்களைத் திரட்டுவதைச் சீரத்தின் ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பது ஹெச்.ஐ. சோதனை. அதில் சீரத்தை இரட்டிப்பாக இரட்டிப்பாகக் கரைத்துக்கொண்டு போகிறோம். ராணிக்கெட்டுக்கு, நான்கு அலகு வைரஸை எதிர்த்து 1/16 கரைசலிலோ அதற்கு மேலோ தடுத்தால் பாசிட்டிவ். அந்த இடத்துக்குப் போகும்போது லேசான சிவப்பு வெளுத்துவிடும். உடைந்த அணுக்களின் சாறு கலந்து சீரம் பத்து சதவீதம் நீர்த்தாலும், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதால் அது கண்ணில் படாது. ஆகவே லேசான, நடுத்தரச் சிவப்புக்காக டைட்டர் மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள். ஒயின் நிறத்தில் நாற்றத்தோடு வந்தது வேறு கதை. அதில் கிருமி வளர்ந்து ஆன்டிபாடியே சிதைந்திருக்கும்.

ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் எலைசாவும் ஓரளவு தாங்கும், பல கிட்டுகளில் சீரத்தை 500 மடங்கு கரைக்கிறார்கள். சுவாச நோய் தரும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்குத் தட்டில் வண்ண ஆன்டிஜென் கலந்து பார்க்கும் விரைவுச் சோதனைதான் மோசமாக ஏமாற்றும். அதில் சீரத்தைக் கரைக்காமலே சொட்டுகிறோம். உடைந்த சீரமும் உறைய வைத்து உருக்கிய சீரமும் பொய்யாகத் திரளும். 72 மணி நேரத்துக்குள், உறைய வைக்காத சீரத்தில் செய்ய வேண்டும். சிவந்த சீரத்தில் வந்த மைக்கோபிளாஸ்மா பாசிட்டிவை வைத்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். கேட்டிருந்தால், ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி அந்த வினையைத் தடுக்கும், ஹெப்பாரினும் தடுக்கும். நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

படி 7: உடைத்தது நாமா, நோயா?

கோழியின் உடலுக்குள்ளேயே அணுக்கள் உடைவதும் உண்டு. கோழி உண்ணி பரப்பும் ஸ்பைரோகீட்டோசிஸ், கோழி மலேரியா, சில நச்சுகள். பகலில் கொட்டகை மரத்தின் வெடிப்புகளில் ஒளிந்து இரவில் கடிக்கும் உண்ணி என்பதால், கூண்டு லேயரைவிட நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிரித்தறிய எளிய வழி: எடுத்த அடுத்த நிமிடமே நுண்குழாயில் ரத்தம் ஏற்றிச் சென்ட்ரிபியூஜில் சுற்றிப் பாருங்கள். அப்போதே பிளாஸ்மா சிவப்பு, வேறு ஆள் வேறு ஊசியில் எடுத்தாலும் சிவப்பு என்றால் கோழிக்குள் ஏதோ நடக்கிறது. ஸ்மியரில் நீலம் படிந்த இளம் சிவப்பணுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். எச்சம் பச்சையாக இருப்பதும் அந்தச் சந்தேகத்தோடு சேரும். இருபதில் மூன்று குழாய் மட்டும் சிவந்து மற்றவை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஊசிப் பிழை.

லேபில் இருப்பவர்களுக்கு

ஹெச்.ஐ. சோதனையில் இரண்டு ரத்தம் சம்பந்தப்படுகிறது. ஒன்று பண்ணையிலிருந்து வந்தது. மற்றது நீங்கள் குழியில் போடும் ஒரு சதவீதச் சிவப்பணுக் கரைசல். வைரஸ் கோழிச் சிவப்பணுக்களைத் திரட்டும் என்று 1941ல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் இன்ஃப்ளூயன்சாவில் கண்டதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. பண்ணைச் சீரம் சிவந்ததைவிட, இந்தக் கரைசல் கெட்டுப்போவது அதிக சேதம் செய்யும், ஏனென்றால் அன்றைய எல்லாப் பண்ணைகளின் டைட்டரும் சேர்ந்து தவறும்.

குறைந்தது மூன்று கோழிகளின் ரத்தத்தை, உறையாமல் காக்கும் ஆல்சீவர் கரைசலில் கலந்து எடுங்கள். உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். கடைசிக் கழுவலிலும் மேல் நீர் சிவப்பாக இருந்தால் தள்ளிவிடுங்கள். அணு உடைந்தால் ஒரு சதவீதம் என்று எழுதி வைத்தது நிஜத்தில் அதைவிடக் குறைவு, வைரஸ் அலகுக் கணக்கு பிசகும். தினமும் நான்கு அலகைச் சரிபார்க்கும் பின்னளவீட்டை விட்டுவிடாதீர்கள்.

உப்பு குறைந்த கரைசலில் குழிக்குள்ளேயே அணு உடையும். அங்கே அடியில் அணுக்கள் பொத்தான்போலப் படியாது, அதனால் திரண்டதாகத் தோன்றும். தட்டைச் சாய்த்துப் பாருங்கள். திரண்ட குழியில் திரவம் நிறமற்று, அணுக்கள் விரிப்பாகப் பரவியிருக்கும். உடைந்த குழியில் திரவமே ஒளிபுகும் சிவப்பாக இருக்கும். வைரஸ் இல்லாத அணுக் குழி பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது.

மறுபடி எடுக்கும்போது

சிவந்த குழாய்களை மட்டும் நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி போடுவது எளிது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். நோயுற்ற கோழிக்கு உடலில் நீர் வற்றியிருக்கும், சிரை ஒட்டியிருக்கும், ரத்தம் இழுத்து இழுத்துத்தான் வரும், அதுதான் அதிகம் உடையும். சிவந்ததை எல்லாம் நீக்கினால் பேட்சில் நலமாக இருப்பவை மட்டும் கணக்கில் மிஞ்சும், சராசரி டைட்டர் அழகாகத் தெரியும். கூண்டு எண் எழுதச் சொன்னது இதற்குத்தான். அதே கோழியிடம், மறு இறக்கையில், புது ஊசியில் எடுங்கள். அது முடியாவிட்டால் அதே கூண்டின் பக்கத்துக் கோழியிடம் எடுத்து, மாற்று மாதிரி என்று படிவத்தில் குறித்து அனுப்புங்கள்.